நுண்கணித வகுப்பில் கணினித் திரை: எதைக் காட்டும், எதைக் காட்டாது

கனச் சார்பின் வகைக்கெழு என்ன என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் கேட்டால், அடுக்கை முன்னுக்குக் கொண்டுவந்து, அடுக்கில் ஒன்றைக் குறைத்து, 'மூன்று எக்ஸ் வர்க்கம்' என்று நொடியில் விடை சொல்லிவிடுவார். அதில் எக்ஸுக்கு 1 எனப் பிரதியிட்டால் 3 கிடைக்கிறதே, அந்த 3 எதன் அளவு என்று அடுத்துக் கேட்டால், நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்களிலும் பலர் தயங்குகிறார்கள். சாய்வு என்பார்கள், எதன் சாய்வு என்றால் தொடுகோட்டின் சாய்வு என்பார்கள், தொடுகோடு எது என்றால், வளைவரையை ஒரே ஒரு புள்ளியில் தொடும் கோடு என்று, கீழ் வகுப்பில் வட்டத்துக்காகப் படித்த வரையறையைச் சொல்வார்கள். ஆனால் கனச் சார்பின் வளைவரைக்கு (1, 1) என்ற புள்ளியில் வரையப்படும் தொடுகோடு அதே வளைவரையை (−2, −8) என்ற புள்ளியில் மீண்டும் சந்திக்கிறது. ஆதிப்புள்ளியிலோ தொடுகோடாக அமைவது எக்ஸ் அச்சு. வளைவரை அதன் கீழிருந்து மேலாக அதைக் கடந்தே செல்கிறது. வட்டத்துக்குப் பொருந்திய வரையறையை வைத்துக்கொண்டு இவ்விரண்டு இடங்களையும் விளக்க முடியாது.

இந்த இடைவெளியைக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கவனித்துவந்திருக்கிறார்கள். டேவிட் டால், ஷ்லோமோ வின்னர் ஆகிய இருவரும் 1981இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு பயனுள்ள பிரிப்பைத் தந்தது. ஒரு கருத்துக்குப் பாடநூல் தரும் வரையறை ஒன்று. அந்தக் கருத்தின் பெயரைக் கேட்டதும் மாணவர் மனத்தில் எழும் படங்கள், பழைய எடுத்துக்காட்டுகள், செய்முறைப் பழக்கங்கள் எல்லாம் சேர்ந்த கருத்துப் படிமம் வேறொன்று. கேள்விக்கு விடை தேடும்போது மாணவர் நாடுவது பெரும்பாலும் இரண்டாவதையே. எல்லை (ஒரு சார்போ எண்வரிசையோ நெருங்கிச் செல்லும் மதிப்பு) என்பதற்குக் கறாரான வரையறையை ஒப்பிக்கத் தெரிந்தவரே, 0.999… என்று முடிவின்றித் தொடரும் எண் 1க்குச் சற்றுக் குறைவு என்றும் உறுதியாகச் சொல்வதுண்டு. வரையறை ஒரு பக்கம் இருக்க, 'நெருங்கும், ஆனால் அடையாது' என்ற படிமமே அவரை வழிநடத்துகிறது. கரும்பலகையில் வரையறையை இன்னொரு முறை எழுதுவதால் இந்தப் படிமம் மாறிவிடுவதில்லை. கணினி மென்பொருள் நுண்கணிதப் பாடத்துக்குச் செய்யக்கூடிய உதவியை மதிப்பிட வேண்டிய இடம் இதுதான்: அது எத்தனை கணக்குகளைப் போட்டுத் தருகிறது என்பதை விட, இந்தப் படிமத்தை எப்படிச் சீரமைக்கிறது என்பதே முக்கியம்.

கணக்குப் போடுவதில் இயந்திரத்தின் திறமை பழைய செய்தி. 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஸ்லாகிள் தம் முனைவர் ஆய்வுக்காக எழுதிய 'செயிண்ட்' என்ற நிரல், தரப்பட்ட 86 கணக்குகளில் 84ஐச் செய்து முடித்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை அக்கழகத்தின் முதலாண்டு நுண்கணிதத் தேர்வுத் தாள்களிலிருந்து எடுக்கப்பட்ட தொகையிடல் கணக்குகள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் ராபர்ட் ரிஷ், ஒரு சார்பின் தொகையீட்டை நாம் அறிந்த அடிப்படைச் சார்புகளால் எழுத முடியுமா, முடியாதா என்று தீர்மானிக்கும் பொதுவழியை வகுத்தார். மேசைக் கணினிகள் பரவியபோது மியூமேத் என்ற சிறு மென்பொருள் இந்தத் திறனைக் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தது. 1988இல் டிரைவ், மேத்தமேட்டிகா இரண்டும் வெளிவந்தபோது, முதலாண்டு நுண்கணிதத் தேர்வில் வழக்கமாகக் கேட்கப்படும் கணக்குகளில் பெரும்பாலானவற்றை விலைக்குக் கிடைக்கும் ஒரு மென்பொருளே செய்துவிடும் நிலை வந்திருந்தது. அப்படியானால் வகுப்பில் எதைக் கற்பிப்பது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. நியூ ஆர்லியன்சிலுள்ள துலேன் பல்கலைக்கழகத்தில் 1986 ஜனவரியில் நடந்த கருத்தரங்கிலிருந்து அமெரிக்காவில் நுண்கணிதச் சீர்திருத்தம் என்று அறியப்படும் முயற்சி வேகம் பிடித்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் பல பல்கலைக்கழகங்கள் புதிய பாடத்திட்டங்களை அமைத்துப் பார்த்தன.

அந்தக் காலத்து ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது கேத்லீன் ஹீட் 1988இல் வெளியிட்டதை. வணிகவியல், உயிரியல் போன்ற துறைகளின் மாணவர்களுக்கான பதினைந்து வாரப் பயன்பாட்டு நுண்கணிதப் பாடத்தை அவர் தலைகீழாக அடுக்கினார். முதல் 12 வாரங்கள் முழுவதும் கருத்துகளுக்கு: வகைக்கெழு எதைச் சொல்கிறது, வரைபடத்திலிருந்து அதை எப்படிப் படிப்பது, ஒரு நடைமுறைச் சிக்கலை எப்படிச் சார்பாக எழுதுவது என்பவை. வகையிடல், தொகையிடல் கணக்கீடுகளை அந்த வாரங்களில் மென்பொருள் பார்த்துக்கொண்டது. கையால் கணக்கிடும் பயிற்சிக்கு விடப்பட்டவை கடைசி 3 வாரங்கள் மட்டுமே. பாடம் முழுவதும் கைப்பயிற்சி செய்த வகுப்போடு ஒப்பிட்டபோது, வழக்கமான கணக்குகள் அடங்கிய இறுதித் தேர்வில் இவர்கள் ஏறத்தாழ அதே அளவு எழுதினார்கள். கருத்துகளை விளக்குவதிலோ தெளிவாக முன்னே நின்றார்கள். சிறிய ஆய்வுதான், அதை எல்லா வகுப்புக்கும் உரிய சட்டமாகக் கொள்ள முடியாது. ஆனாலும், விதிகளை முதலில் மனப்பாடம் செய்தாக வேண்டும், பொருள் பிறகு தானே விளங்கும் என்ற நம் நீண்டநாள் நம்பிக்கையை அது அசைக்கிறது. வரிசையை மாற்ற முடியும் என்பதும், மாற்றுவதற்கு மென்பொருள் இடம் கொடுக்கிறது என்பதுமே அதன் செய்தி.

பொருளை முதலில் கொண்டுவருவது எப்படி என்பதற்கு டேவிட் டால் கண்ட வழி மிக எளிமையானது. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், அந்நாட்டுப் பள்ளிகளில் அன்று பரவியிருந்த பிபிசி மைக்ரோ கணினிக்காக 1986இல் 'கிராஃபிக் கால்குலஸ்' என்ற மென்பொருள் தொகுப்பை வெளியிட்டார். எல்லை, வெட்டுக்கோடு, தொடுகோடு என்ற வழக்கமான வரிசையில் அவர் தொடங்கவில்லை; வளைவரையின் ஒரு புள்ளியை மேலும் மேலும் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார். வர்க்கச் சார்பின் பரவளையத்தில் (1, 1) என்ற புள்ளியை நடுவில் வைத்து, திரையின் அகலம் 0.002 அலகு மட்டுமே ஆகும் வரை பெரிதாக்கினால், வளைவு கண்ணுக்குத் தெரியாமல் போய் நேர்கோடு ஒன்றே மிஞ்சுகிறது. அதன் சாய்வை அளந்தால் 2. இது கண்மயக்கம் அன்று என்பதைக் கணக்கிட்டே காட்டலாம்: திரையின் ஓரத்தில் வளைவரைக்கும் தொடுகோட்டுக்கும் உள்ள வேறுபாடு 0.001இன் வர்க்கம், அதாவது 0.000001. ஆயிரம் பிக்சல் அகலமுள்ள திரையில் இது வெறும் அரைப் பிக்சல். இன்னும் பத்து மடங்கு பெரிதாக்கினால் வேறுபாடு பிக்சலில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வளைவரை தன் புள்ளிக்கு அருகில் நேர்கோடு போலவே நடந்துகொள்கிறது, அந்த நேர்கோட்டின் சாய்வே வகைக்கெழு என்ற படிமம் வட்டத்தின் தொடுகோட்டைச் சார்ந்து நிற்கவில்லை. கனச் சார்பின் வளைவரைக்கும் அது இடறாமல் பொருந்துகிறது.

இதன் வலிமை எதிர் எடுத்துக்காட்டுகளில்தான் முழுமையாகத் தெரிகிறது. மட்டு மதிப்புச் சார்பின் வரைபடத்தை ஆதிப்புள்ளியில் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அந்த முனை முனையாகவே நிற்கும். வலப்புறச் சாய்வு 1, இடப்புறச் சாய்வு −1 என்பது திரையில் அப்படியே இருக்கும். அங்கே வகைக்கெழு இல்லை என்ற வாக்கியத்துக்கு முதன்முறையாக ஒரு படம் கிடைக்கிறது. டால் இன்னும் ஒரு படி போய், ஜப்பானியக் கணிதவியலாளர் தைஜி தகாகி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்த சார்பைப் பள்ளி மாணவர்களிடமே கொண்டுவந்தார். வாள்பல் வடிவக் கோடுகளை ஒவ்வொரு முறையும் பாதியாகச் சுருக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது அது. எங்கும் அறுபடாத தொடர்ச்சி உண்டு, ஆனால் எந்த இடத்தில் எத்தனை முறை பெரிதாக்கினாலும் மேடு பள்ளங்கள் புதிது புதிதாக முளைக்கின்றன. எங்குமே வகைக்கெழு இல்லை. ஜெர்மன் கணிதவியலாளர் வயர்ஸ்ட்ராஸ் 1872இல் பெர்லின் அறிவியல் கழகத்தில் முன்வைத்து அறிஞர்களை வியக்கவைத்த இத்தகைய சார்பு பட்டமேற்படிப்புக்கு உரிய பொருளாகவே இருந்துவந்தது. பெரிதாக்கும் பொத்தான் ஒன்று அதைப் பதினாறு வயது மாணவரின் பார்வைக்குள் வைத்துவிடுகிறது.

இன்று இதே வேலைக்குப் பரவலாகப் பயன்படுவது ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்குஸ் ஹோஹன்வார்டர் தம் முதுகலை ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய இந்த மென்பொருள் 2002இல் வெளிவந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2011இல் வந்த டெஸ்மாஸ் இணைய உலாவியிலேயே இயங்குவதால் கைபேசியிலும் திறந்துகொள்ளலாம். இரண்டிலும் ஸ்லைடர் என்ற நகர்த்தும் குமிழ் இருக்கிறது. ஒரு மாறிலியின் மதிப்பை விரலால் இழுத்து மாற்ற, வரைபடம் உடனுக்குடன் மாறும். நுண்கணிதத்துக்கு இந்தச் சிறு வசதி தருகிற பயன் பெரிது, ஏனெனில் நுண்கணிதமே மாற்றத்தைப் பற்றிய கணிதம். அச்சிட்ட படமோ ஒரு கணத்தில் உறைந்து நிற்கிறது.

அடுக்குக்குறிச் சார்பை எடுத்துக்கொள்வோம். 2.71828… எனத் தொடங்கும் ஆய்லர் எண்ணை அடிமானமாகக் கொண்ட சார்பின் வகைக்கெழு அதே சார்புதான் என்று பாடநூல் அறிவிக்கிறது. மாணவர் அதை ஒரு விந்தையாக ஏற்றுக்கொண்டு மேலே போகிறார். மென்பொருளில் அடிமானத்தை ஸ்லைடராக வைத்து, சார்பையும் அதன் சாய்வுச் சார்பையும் ஒரே திரையில் வரைந்தால் நிலைமை வேறு. அடிமானம் 2 ஆக இருக்கும்போது சாய்வின் வரைபடம் சார்பின் வரைபடத்தைப் போலவே உருவம் கொண்டு, ஆனால் தாழ்ந்து நிற்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அது சார்பின் ஏறத்தாழ 0.69 மடங்கு. அடிமானம் 3 என்றால் சாய்வு மேலே ஏறி ஏறத்தாழ 1.10 மடங்காகிறது. ஆகவே இடையில் எங்கோ இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் இருந்தே ஆக வேண்டும் என்று மாணவரே சொல்கிறார். குமிழை இழுத்துத் தேடி 2.7க்குச் சற்று மேலே அதைக் கண்டுபிடிக்கிறார். அந்த எண் வானத்திலிருந்து விழுந்தது அன்று, இந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பது அப்போது விளங்குகிறது. கோணத்தை ஏன் ரேடியனில் அளக்க வேண்டும் என்ற கேள்வியும் இப்படித்தான்: பாகையில் வரைந்த சைன் சார்பின் சாய்வு ஆதிப்புள்ளியில் 0.01745 மட்டுமே, ரேடியனுக்கு மாற்றினால் அது 1 ஆகிறது. இந்த ஒரு மாற்றத்தைப் பார்த்த மாணவருக்கு ரேடியன் என்பது ஆசிரியர் விதித்த கட்டளையாகத் தோன்றாது.

தொகை நுண்கணிதத்தில் மென்பொருளின் பயன் இதைவிடவும் அதிகம் என்று நினைக்கிறேன். வர்க்கச் சார்பின் வரைபடத்துக்குக் கீழே 0 முதல் 1 வரையுள்ள பரப்பைச் செவ்வகங்களால் அளக்கும்போது, பத்துச் செவ்வகங்களுக்கு இடமுனைக் கூட்டுத்தொகை 0.285, வலமுனைக் கூட்டுத்தொகை 0.385. நூறு செவ்வகங்களுக்கு 0.32835, 0.33835. ஆயிரத்துக்கு 0.3328335, 0.3338335. மூன்றில் ஒன்று என்ற விடை இரு பக்கமும் நெருக்கப்படுவது மட்டுமன்று, இடைவெளி ஒவ்வொரு முறையும் சரியாகச் செவ்வக எண்ணிக்கையின் தலைகீழாகவே இருப்பதும் தெரிகிறது. ஏன் அப்படி என்று கேட்க வைப்பதே நல்ல பாடம். இரண்டு கூட்டுத்தொகைகளுக்கும் வேறுபாடு முதல் செவ்வகமும் கடைசிச் செவ்வகமும் மட்டுமே என்பது நிரூபணத்துக்கு அழைத்துச் செல்லும் விடை. இதற்குப் பிறகு மேல் எல்லையை நகர்த்தவிட்டு, அதுவரை சேர்ந்த பரப்பை ஒரு புதிய வளைவரையாகத் திரையிலேயே வரையச் சொல்லலாம். மேல் எல்லை வலப்பக்கம் சிறிது நகரும்போது சேர்கிற பட்டையின் உயரம் அந்த இடத்தில் சார்பின் மதிப்பு. ஆகவே பரப்பு வளரும் வேகம் சார்பின் மதிப்பே. தொகையிடலும் வகையிடலும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல்கள் என்ற அடிப்படைத் தேற்றத்தின் உட்பொருள் இவ்வளவுதான். நம் மாணவர்களில் பெரும்பாலோர் தேற்றத்தை எண்களைப் பிரதியிடும் சூத்திரமாக மட்டுமே அறிந்து பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கத்தை அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. திரையில் தெரிவது எப்போதும் முடிவுள்ள பிக்சல்களும் முடிவுள்ள தசம இடங்களும்தான். எல்லை என்ற கருத்தோ முடிவின்மையைப் பற்றியது. பிரான்சில் தொமினிக் கேன், லுக் த்ரூஷ் ஆகியோர் 1990களில் வரைபடக் கால்குலேட்டர் பயன்படுத்திய மாணவர்களிடம் ஆராய்ந்த ஒரு கேள்வி இதைத் தெளிவாக்குகிறது: இயல் மடக்கையுடன் சைன் சார்பின் பத்து மடங்கைக் கூட்டினால் கிடைக்கும் சார்பு முடிவிலியை நோக்கிச் செல்கிறதா? செல்கிறது, சைன் பகுதி எப்போதும் −10க்கும் 10க்கும் இடையில் அடங்கிக் கிடக்க, மடக்கை எல்லையின்றி ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் மடக்கை ஏறும் வேகம் மிகக் குறைவு. அதன் மதிப்பு 10 ஆவதற்கே எக்ஸ் 22,026ஐத் தாண்ட வேண்டும். 20 ஆவதற்கு ஏறத்தாழ 48.5 கோடி வேண்டும். திரையில் தெரிவதோ மேலும் கீழும் ஆடும் அலை மட்டும். அதைக் கண்டு, இந்தச் சார்பு முடிவிலியை நோக்கிச் செல்லவில்லை என்று கருவி வைத்திருந்த மாணவர்கள் பலர் முடிவுகட்டினார்கள். காகிதத்தில் யோசித்தவர்கள் இந்தக் குழியில் விழுவது குறைவு.

வேறு வகைப் பிழைகளும் உண்டு. திரையின் அகலத்துக்குள் 1000 அலைகள் அடங்கும் சைன் சார்பை, 1000 பிக்சல்களில் பிக்சலுக்கு ஒரு புள்ளியாகக் கணித்தால், ஒவ்வொரு புள்ளியும் அலையின் அதே கட்டத்தில் விழுந்து, வரைபடம் கிடைமட்டக் கோடாகிவிடும். அலைகள் 1001 என்றால் ஒரே ஒரு நிதானமான அலை தெரியும். டாலின் எச்சரிக்கை இதைவிட நுட்பமானது: சைன் சார்பின் மேல், தகாகியின் சார்பை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கிக் கூட்டினால், வழக்கமான அளவில் இரண்டு வரைபடங்களையும் பிரித்தறிய முடியாது, ஆனால் ஒன்றுக்கு எங்கும் வகைக்கெழு உண்டு, மற்றதற்கு எங்குமே இல்லை. ஆகவே, 'பெரிதாக்கிப் பார்த்தேன், நேராக இருந்தது' என்பது ஊகத்துக்கு ஆதாரம் ஆகலாம், நிரூபணம் ஆகாது. இந்த வேறுபாட்டை மென்பொருள் தானாக உணர்த்துவதில்லை. அதற்கென எடுத்துக்காட்டைத் தேர்ந்து வைக்கும் ஆசிரியர்தான் உணர்த்துகிறார்.

எண் கணக்கீட்டின் வழுக்கல் இன்னும் கூர்மையான பாடம். ஒன்றுடன் 1/n என்ற பின்னத்தைக் கூட்டி அதை n அடுக்குக்கு உயர்த்தினால், n வளர வளர ஆய்லர் எண் கிடைக்கும் என்பது தெரிந்ததே. பைத்தான் போன்ற நிரல் மொழியில் வழக்கமான தசம எண்களைக் கொண்டு இதைக் கணித்தால், பத்துக் கோடிக்கு 2.71828179 என்று ஏழு தசம இடங்கள் வரை சரியான விடை வருகிறது. 1க்குப் பின் 15 சுழியங்கள் கொண்ட எண்ணுக்கோ 3.035 என்று வருகிறது. 16 சுழியங்களுக்கு வெறும் 1. கணினி ஓர் எண்ணை ஏறத்தாழ 16 இலக்கங்களோடு மட்டுமே நினைவில் வைப்பதால், அவ்வளவு சிறிய பின்னத்தை ஒன்றுடன் கூட்டும்போது அது உருக்குலைந்தோ முழுதும் காணாமலோ போய்விடுகிறது என்பதே காரணம். வகைக்கெழுவைக் கணிக்க இடைவெளியை மிகமிகச் சிறிதாக எடுக்கும் மாணவருக்கும் இதே கதிதான். ஓர் அளவுக்குக் கீழே போனால் விடை கெட்டு, இறுதியில் சுழியம் ஆகிறது. 'நெருங்க நெருங்கத் துல்லியம் கூடும்' என்பது எல்லைக் கோட்பாட்டில் உண்மை, கணினியில் ஓர் அளவு வரைதான் உண்மை. இந்த முரண்பாட்டை மறைக்காமல் வகுப்பில் எதிர்கொண்டால், எல்லை என்பது ஏன் கணக்கிட்டு அடைவதாக இல்லாமல் தர்க்கத்தால் நிறுவப்படுவதாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைப்பது அரிது.

தொடர்களைப் பற்றியும் இங்கே சொல்லத் தோன்றுகிறது, ஏனெனில் நம் அண்டைக் கணித மரபு ஒன்று இதில் நேரடியாக வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராம மாதவர் பெயரால் வழங்கும் தொடர், 1இலிருந்து 1/3ஐக் கழித்து, 1/5ஐக் கூட்டி, 1/7ஐக் கழித்து என்று போய், பை (π) என்ற எண்ணின் நாலில் ஒரு பங்கைத் தருகிறது. நிரல் எழுதி ஆயிரம் உறுப்புகளைக் கூட்டி நாலால் பெருக்கினால் 3.140592653… கிடைக்கிறது. மூன்றாம் தசம இடத்திலேயே பிழை. ஆனால் அதன் பின்வரும் இலக்கங்களைப் பாருங்கள், 592653 என்பது பையில் உள்ளபடியே வருகிறது. பிழை ஏறத்தாழ சரியாக 0.001, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கையின் தலைகீழ். அதைக் கூட்டிவிட்டால் ஒன்பது தசம இடங்கள் சரியாகின்றன. கேரள மரபினர் இந்தத் தொடரின் இறுதியில் சேர்த்த திருத்த உறுப்புகளில் முதலாவது இதே அளவுதான். அவர்கள் அதைக் கணினியின்றிக் கண்டார்கள். திரையில் ஓடும் எண்களில் இந்த ஒழுங்கைக் கண்டு திகைக்கும் மாணவர், ஒருங்கல் என்பது 'சேரும், சேராது' என்ற இரண்டு விடைகளோடு முடிவதில்லை, எவ்வளவு வேகமாக, எத்தகைய பிழையோடு என்ற கேள்விகளும் அதில் உண்டு என்பதை அறிகிறார்.

மாணவர் தாமே சில வரி நிரல் எழுதுவதைப் பொத்தான் அழுத்துவதை விட உயர்வாகவே நான் கருதுகிறேன். ஒரு சார்பை வாங்கி அதன் தோராய வகைக்கெழுவை இன்னொரு சார்பாகத் திருப்பித் தரும் நிரலை எழுதியவருக்கு, வகைக்கெழு என்பது ஓர் எண் மட்டும் அன்று, அதுவே ஒரு சார்பு என்பது கைவழியே பதிகிறது. அமெரிக்காவில் எட் துபின்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் நிரலெழுதும் பயிற்சியைத் தம் பாடமுறையின் நடுவில் வைத்ததற்கு இந்த எண்ணமே அடிப்படை. வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு ஆய்லர் முறை இன்னொரு நல்ல இடம். தன் மதிப்புக்குச் சமமான வேகத்தில் வளரும் அளவு ஒன்றை 1இல் தொடங்கி, ஓர் அலகு நேரத்தைப் பத்துப் படிகளாகப் பிரித்துக் கணித்தால் 2.5937, நூறு படிகளுக்கு 2.7048, ஆயிரத்துக்கு 2.7169. மேலே சொன்ன அடுக்கு எண்களே இவை. அடுக்குக்குறிச் சார்பு, கூட்டு வட்டி, வகைக்கெழுச் சமன்பாடு மூன்றும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன.

குறியீட்டுக் கணிதம் செய்யும் மென்பொருள்களைப் பற்றி என் கருத்து சற்று எச்சரிக்கையானது. மேக்சிமா, சிம்பை போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பாடநூலில் வரும் பெரும்பாலான தொகையிடல் கணக்குகளைத் தட்டச்சு செய்தால் விடை வந்துவிடும். பிரெஞ்சு ஆய்வாளர் மிஷெல் ஆர்டிக், ஒரு செய்முறைக்கு இரண்டு மதிப்புகள் உண்டு என்கிறார்: விடையைத் தருவது ஒன்று, கருத்தைப் புரியவைப்பது மற்றொன்று. கையால் செய்யும்போது இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. இயந்திரத்திடம் கொடுத்தால் முதலாவது மட்டுமே மிஞ்சுகிறது, இரண்டாவதை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பகுதி பகுதியாகத் தொகையிடுவதைச் சில முறையாவது கையால் செய்யாதவருக்கு, அது பெருக்கல் விதியின் மறுபக்கம் என்பது தெரியப்போவதில்லை. அதே சமயம், அறுபது கணக்குகளைச் செய்தவருக்கும் அது தெரியாமல் இருப்பதைப் பார்க்கிறோம். எத்தனை கணக்கு போதும் என்பதற்குப் பொது விடை கிடையாது, ஆனால் இன்று நாம் செய்விப்பது தேவைக்கு மிக அதிகம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தமிழ்நாட்டில் கருவிகள் வந்து சேர்ந்துவிட்டன. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களை எட்டியது; 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புதிய கணிதப் பாடநூல்கள் இணையச் செயல்பாடு என்ற பகுதியில், விரைவுக் குறியீட்டின் வழியே ஜியோஜீப்ரா பணித்தாள்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்கின்றன. அண்டைக் கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலும் இதே மென்பொருள் பயன்படுகிறது. ஆனால் பணித்தாள் எப்படி அமைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தப் பெட்டியைச் சொடுக்கு, அந்தக் குமிழை நகர்த்து, தொடுகோட்டைப் பார் என்று முடிகிற செயல்பாடு, அசையும் கரும்பலகைதான். குமிழைத் தொடும் முன் என்ன நடக்கும் என்று மாணவர் காகிதத்தில் எழுதிவைக்க வேண்டும். நடந்தது அதிலிருந்து வேறுபட்டால் ஏன் என்று எழுத வேண்டும். சார்பின் வரைபடத்தை மட்டும் காட்டி, வகைக்கெழுவின் வரைபடத்தைக் கையால் வரையச் சொல்லி, அதன் பிறகே மென்பொருளின் வரைபடத்தைத் திறப்பது ஐந்து நிமிட வேலை. வகுப்புக்கு ஒரே ஒரு கணினியும் ஒரு திரையும் இருந்தால்கூட இதைச் செய்யலாம். ஆய்வகத்தில் ஆளுக்கொரு கணினி கொடுத்து, படிகளை வரிசையாகப் பின்பற்றச் சொல்வதை விட இது நல்ல பாடமாக அமையும்.

ஆசிரியர்கள் இதற்கு நேரம் ஒதுக்காததற்குக் காரணம் அவர்களின் அக்கறையின்மை அன்று, தேர்வு. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்விலும் பொறியியல் நுழைவுக்கான ஜேஇஇ தேர்விலும் கால்குலேட்டருக்கே அனுமதி இல்லை. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும், கல்லூரிப் பாட அளவிலான ஏபி நுண்கணிதத் தேர்வு 1995 முதல் ஒரு பகுதிக்கு வரைபடக் கால்குலேட்டரைக் கட்டாயமாக்கி, மற்றொரு பகுதியில் அதை விலக்கி வைத்திருக்கிறது. நாம் அந்த வழியில் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தேர்வறைக்கும் கருவி கொடுப்பது செலவையும் சமமின்மையையும் கூட்டும். கேள்விகளை மாற்றுவதற்குச் செலவே இல்லை. வகைக்கெழுவின் வரைபடத்தை மட்டும் தாளில் அச்சிட்டு, மூலச் சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே திரும்புகிறது, இரண்டு தரப்பட்ட புள்ளிகளில் எதில் அதன் மதிப்பு பெரிது என்று கேட்கலாம். எக்ஸ் வர்க்கத்தின் தலைகீழை −1 முதல் 1 வரை சூத்திரப்படி தொகையிட்டால் −2 வருகிறது, எப்போதும் நேர்மதிப்பாக உள்ள சார்பின் பரப்பு எப்படிக் குறை எண்ணாகும் என்று கேட்கலாம். ஒரு கணினி 3.035 என்று தந்த விடையைக் காட்டி, இது ஏன் தவறு என்று கணக்கிடாமலே விளக்கச் சொல்லலாம்.